தலைவரை விட்டுடாதீங்க!

"அம்மா, துரைராசு அண்ணனை மட்டும் இப்ப விட்டுடாதீங்கம்மா. இன்னும் ஒரு ரெண்டு மணி நேரம் உள்ளயே வச்சிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைதானவர்களை விடச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். விடாதே என்று கெஞ்ச ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை.

வந்தவளுக்கு முழங்கால் வரை சேறு. பெயர் தங்கமணி, தலைவருக்குப் பக்கத்து வயல் என்றாள்.

"இங்கயே நில்லுங்க, வர்றேன்" என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டுக் கயல்விழி கல்யாண மண்டபத்துக்குள் போனாள்.

காலையில் திருத்துறைப்பூண்டி சாலையில் மறியல். காவிரியில் கூடுதலாகத் தண்ணீர் திறக்க வேண்டுமாம். வழக்கம்போல எல்லோரையும் வேனில் ஏற்றி, மண்டபத்தில் அடைத்து, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிட வேண்டியது. முந்தின நாள் வரவேற்பு அலங்காரத்தை இன்னும் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியில் விவசாய சங்கத் தலைவர் துரைராசு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே தெர்மாகோல் இதயம், அதில் ஒரு அம்பு.

மதியம் அப்பளம் வைக்கவில்லை என்று அதற்கும் ஒரு கோஷம் போட்டார்கள். ஏட்டு நௌஷாத் கடைத்தெருவுக்கு ஓடினார். அவர் வருவதற்குள் துரைராசு மண்டபத்து மைக்கைப் பிடித்துவிட்டார்.

"தண்ணி என்ன எவன் வீட்டுச் சொத்தா? மேல இருக்கறவன் மறிச்சு வச்சுக்கிட்டா, கீழ இருக்கறவன் எங்கய்யா போவான்? கடைமடைக்காரன் பயிர் கருகுதே, அந்தப் பாவம் சும்மா விடுமா?"

கயல்விழி மன்னார்குடிப் பக்கத்து விவசாயியின் மகள். தொப்பியைக் கழற்றி, வியர்வையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்ட மனுஷன் இப்போது வெல்வெட் நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

"மேடம், பொழுது சாயுதே. மத்தவங்களை மெதுவா விடுங்க, என்னை முதல்ல அனுப்பிடுங்க. வயலைப் பார்க்காம எனக்கு உயிரே இல்ல."

என்ன ஒரு மண் பாசம் என்று கயல்விழிக்கு மனசு உருகியது. "அஞ்சே நிமிஷம் தலைவரே" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றவளை ஒரு பிடி பிடிக்கத் திரும்பினாள்.

"ஏம்மா, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? உங்க பயிர் எப்படி இருக்கு?"

"மஞ்சளாப் போயிருச்சும்மா. இன்னிக்குத் தண்ணி பாயலைன்னா மொத்தமும் போயிரும். மறுபடி நட எனக்கு வக்கில்ல." என்றாள் தங்கமணி.

"பார்த்தீங்களா! அந்தத் தண்ணிக்காகத்தானே அவர் நடுரோட்டுல உருண்டாரு. நீங்களும் கூட உருண்டிருக்க வேணாமா?"

"அவரு இங்க உருண்டாத்தாம்மா அங்க எனக்குத் தண்ணி."

"என்னம்மா உளர்றீங்க?"

"வாய்க்கால்ல அவரு வயல் மேல, என் வயல் கீழ. வர்ற கொஞ்சத் தண்ணியையும் மணல் மூட்டை போட்டு மறிச்சுட்டு, வரப்புல பிளாஸ்டிக் சேரைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துக்குவாரு. கேட்டா, 'காவிரியில நிறைய வரட்டும், அப்புறம் உனக்கு'ங்கறாரு. மறியல், மாநாடுன்னாத்தான் அந்த சேரை விட்டு எழுந்திருப்பாரு. காலையில அவரு வேன்ல ஏறினாரு, நான் மூட்டையை உருட்டிட்டேன். அவரு வயல் ரொம்பித்தான் கிடக்கு, ஒண்ணும் கெட்டுப் போகாது. என் கடைசி மூலை நனையறதுக்குத்தான் இன்னும் ரெண்டு மணி நேரம் வேணும்."

கயல்விழிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மதியம் கண்ணைத் துடைத்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"போகலாமாம்மா?" துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தலைவரே, ஒரு சின்னக் குறை. நீங்க பேசினப்ப நம்ம ஏட்டு அப்பளம் வாங்கப் போயிட்டாரு. ஒரு வார்த்தைகூடக் கேட்கலைன்னு ஒரே வருத்தம். அவருக்காக முதல்லேருந்து ஒரு தடவை?"

"நானா?" என்றார் நௌஷாத். கயல்விழி முறைத்த முறைப்பில், "ஆமா தலைவரே, மத்தியானத்துலேருந்து மனசே சரியில்ல" என்றார்.

துரைராசு வாசலைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். மைக் ஜெயித்தது.

"தண்ணி என்ன எவன் வீட்டுச் சொத்தா?" என்று ஆரம்பித்தவர், நௌஷாத் விட்ட கொட்டாவியைக்கூடக் கவனிக்காமல், தெருவிளக்கெல்லாம் எரிந்த பிறகுதான் நிறுத்தினார்.

அடுத்த வாரம் அவரே மூன்று நாள் உண்ணாவிரதம் அறிவித்தார். வழக்கமாக வாரக்கணக்கில் இழுத்தடிக்கும் போலீஸ் அனுமதியைக் கயல்விழி ஒரே நாளில் வாங்கிக் கொடுத்துவிட்டாள். போலீசே நம்ம பக்கம் என்று துரைராசு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பந்தலில் முதல் ஆளாக வந்து அவருக்கு மாலை போட்டது தங்கமணிதான். "உனக்காகத்தான் தங்கச்சி பட்டினி கிடக்கேன்" என்றார் துரைராசு, நெஞ்சைத் தொட்டு.

"தெரியும்ணே, நல்லா இருங்க" என்றாள் தங்கமணி மனசார. அவள் காலில் புதுச் சேறு இன்னும் காயவில்லை.