கொப்பரை வாசம்

கொப்பரை வாசம் வந்தது.

ஐந்நூறு மீட்டர் உயரத்தில், இன்ஜின் இல்லாத விமானத்துக்குள், மூக்குக்கு நேரே கொப்பரை வாசம்.

அவள் சிரித்துக்கொண்டாள். கீழே காங்கேயத்துக் களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்கிறது. வாசம் இவ்வளவு தூரம் ஏறி வருகிறதென்றால், காற்றும் ஏறி வருகிறது.

கிளைடரை இடப்பக்கம் சாய்த்தாள். ஏறும் வேகத்தைக் காட்டும் முள் மேலே எழுந்தது.

பாதி வட்டத்தில், கிளப்பின் இளம் விமானி கோகிலவாணி கண்ணில் பட்டாள்.

தூரத்தில், தென்னந்தோப்புக்கு மேலே, மிகத் தாழ்வாக ஒரு வெள்ளைக் கிளைடர். தோப்பு கண்ணுக்குக் குளிர்ச்சி, பறக்கிறவளுக்கு ஆகாது. அதன் மேல் காற்று இறங்கத்தான் செய்யும். இருபத்து நான்கு வயதுக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

அந்தப் பெண் இன்னும் நாற்பது கிலோமீட்டர் பறந்துவிட்டால் கிளப்பின் தூரச் சாதனை உடைந்துவிடும்.

மேலே சுற்றுகிறவளுடைய சாதனை. இருபத்தாறு வருடமாக கிளப் சுவரில் நீலப் பெயின்டில் இருக்கிறது.

ஏறுகாற்று கிடைக்காவிட்டால், ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண் ஏதாவது சோளக்காட்டில் இறங்கியாக வேண்டும்.

தனக்குத் திரும்பிப் போக இந்த உயரமே போதும். ஓடுதளம் எதிரே தெரிகிறது. வட்டத்தை விட்டு நேராகப் போய்விடலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. போட்டியில் அப்படி எத்தனையோ பேரை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று முறை சாம்பியன் என்றால் சும்மாவா?

வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால், நன்றாகவே எரிந்தது.

ஆகாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகாற்றில் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருகிறவரும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மோதல்தான்.

அவளுடைய முதல் போட்டியில் ஒருவர் தெரிந்தே எதிர்ப்பக்கம் சுற்றினார். ஒரு பொம்பளை போட்ட வட்டத்தில் அவர் சுற்றுவதாவது. அவள்தான் விலகினாள். மிளகாய்த் தோட்டத்தில் போய் இறங்கி, இறக்கை நிழலில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டாவது வட்டம். முள் இன்னும் மேலே.

ரேடியோவை அழுத்தினாள்.

"தோப்ப விட்டு வெளிய வா கண்ணு. களத்து மேல சுத்தீட்டிருக்கறன் பாரு."



பிறகு வெள்ளைக் கிளைடர் மூக்கைத் திருப்பியது. தாழ்ந்துகொண்டே வந்தது. மின்கம்பிகளைத் தாண்டியது. அவள் வட்டத்தை விடவில்லை. ஓடுதளத்தைப் பார்க்கவுமில்லை. வந்து சேர வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. தன் போட்டிகளில்கூட அவளுக்கு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

வந்துவிட்டது. அவளுக்கு நேர் கீழே.

ஒரு நொடி தயங்கியது.

இடப்பக்கம் சாய்ந்தது.

இரண்டு கிளைடர்களும் ஒரே பக்கமாகச் சுற்றின. கீழே இருந்தது மெல்ல ஏறியது. அவளுக்குச் சமமாக வந்தது. கண்ணாடிக்குள் ஒரு கை ஆடியது.

ரேடியோ கரகரத்தது.

"அக்கா... இதென்னங்க, தேங்கா வாசம் வருது?"

வெள்ளைக் கிளைடர் அவளைத் தாண்டி மேலே போனது. 

எத்தனையோ வருடம் கழித்து, தனக்கு மேலே சுற்றும் ஒரு கிளைடரை அண்ணாந்து பார்த்தாள். அது இன்னும் ஏறியது. பிறகு வட்டத்தை விட்டு, கிழக்கே நேராகப் போனது.

சுவரில் தன் பெயருக்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே, அவள் ஓடுதளத்துப் பக்கம் திரும்பினாள்.