பேனாவின் நிழல்

நூலக மேசைக்கு நேர் மேலே ஒரு குண்டு பல்பு எரிகிறது. கூடப் படிப்பவளின் நீலப் பேனா மேசைமேல் படுத்துக் கிடக்க, அதன் முனையில் தன் பேனாவின் முனையை ஊன்றிச் சாய்த்துப் பிடித்திருக்கிறான் அவன். அவன் பேனாவின் நிழல் அவள் பேனாமேல் பாதி தூரம் விழுகிறது. "கணக்குல வீழல்னு வர்றது இந்த நிழல்தான். ஒரு வெக்டர் இன்னொண்ணு மேல எவ்வளவு விழுதுன்னு பாக்குறது, அவ்வளவுதான்." "நேரா நிமித்தினா?" என்று அவள் கேட்க, நிமிர்த்துகிறான். நிழல் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகிறது. "ஒண்ணுமே விழாது. பூஜ்யம்." "முழுசா விழணும்னா?" "அது மேலயே சாஞ்சுடணும்," என்று பேனாவை மறுபடி சாய்க்கும்போது அவனுக்குக் காது சுடுகிறது. அவள் கவனிக்கவில்லை. "இதுக்குப் போயா இத்தனை நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன்," என்று சிரித்தபடி தன் பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கிறது. அவன் கை இன்னும் பேனாவைச் சாய்த்தே பிடித்திருக்கிறது. நிழல், அதே நீளத்தில், வெறும் மேசைமேல் கிடக்கிறது.