கடலோடிக்கு மண் ஏது?

"இது காசநோய் இல்லம்மா," என்றார் டாக்டர். "மண்ணுலயும் தூசியிலயும் இருக்கிற ஒரு கிருமி. ரொம்ப அபூர்வம். மூச்சோட நெஞ்சுக்குள்ள போயிருக்கு. மாத்திரையை விடாம சாப்பிட்டா குணமாயிடும். உங்க வீட்டுக்காரர் மண் வேலை பார்க்கிறாரா?"

"இன்னா டாக்டரு! புதுப்பட்டினத்துல கட்டுமரம் ஏறி மீன் புடிக்கிறவருக்கு மண்ணு ஏது?" என்றாள் ஆதியம்மாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் அவள் கணவன் தாண்டவராயன் நின்றுவிட்டான்.

"ஆதி, கட்டுமரம் கவுந்ததுலேருந்து எனக்குத் தண்ணியப் பார்த்தாலே பயம். ஆறு மாசமா ரோடு போடற எடத்துல மண்ணு கொட்டிகினு கீறேன். வூட்டுக்குக் கொணாந்த மீனெல்லாம் சந்தையில வாங்கினது."

"தெரியும்."

"எப்படி?"

"கட்டுமரத்துல எவன்யா ஐஸு எடுத்துகினு போறான்? நீ கொணாந்த மீனு மொத நாளே ஜில்லுனு இருந்திச்சி."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா ரோஷத்துல திரும்பக் கடலுக்குப் போயிருப்ப. நீ எப்ப வருவேன்னு கரையில நிக்காம, ஆறு மாசமா நிம்மதியாத் தூங்கினேன்."

அவன் தலைகுனிந்தான். "இனிமே மண்ணு வேலையும் கூடாதே?"

"என்கூட மீன் விக்க வா. ஆனா மீனை நான்தான் பார்த்து வாங்குவேன். ஆறு மாசமா நீ வாங்கினதைத் துன்னதே போதும்!"