இரவல் மணிக்கட்டு

பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் காலை ஆறரைக்கு மனச்சோர்வை அளக்கும் மனப்பட்டையைக் கையில் கட்ட வேண்டும்; அப்போது எரியும் நிறம் வண்டிக்குப் போய்ச்சேரும். பச்சை எரிந்தால் வண்டி கிளம்பும். மஞ்சள் எரிந்தால், மருந்து தொடங்கி நான்கு வாரம் கழித்துத்தான் மறுபடி சாவி கிடைக்கும்.

வேன் ஓட்டும் ஜெபசெல்வி வீட்டில் கட்டிப் பார்க்கும்போதெல்லாம் மஞ்சள்தான். டாக்டர் கொடுத்த மாத்திரை உப்பு ஜாடிக்குப் பின்னால் பிரிக்காமலே கிடந்தது. வேன் கையைவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில், பத்து நாளாக எதிர்வீட்டு மைமூன் அக்காவின் கையில் கட்டிப் பச்சை வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குடியிருப்பில் சிரித்த முகம் என்றால் அக்காதான்.

இன்றும் அக்கா கையை நீட்டினார். "கட்டுடி. என் கை என்ன தேஞ்சா போகும்?"

மஞ்சள் எரிந்தது. துடைத்துக் கட்டினாள். மறுபடியும் மஞ்சள். ஆறரைக்கு நான்கு நிமிடமே இருந்தது.

"பட்டை கெட்டுப்போச்சு போல. மாடியில வேற யார் கையிலயாவது கட்டு, ஓடு!"

பத்து நாளும் பட்டையையே பார்த்தவள் இன்றுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். உதடு சிரித்தது, கண் நிறைந்திருந்தது.

"எத்தனை நாளாக்கா?"

"தொழுதுட்டு எந்திரிக்கவே முடியலடி. என்னை நம்பி வர்ற உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

ஜெபசெல்வி பட்டையைத் தன் கையிலேயே கட்டினாள். மஞ்சள் எரிந்தது. ஆறரை ஆனதும் கீழே வேனின் விளக்கு அணைந்தது. வீட்டுக்கு ஓடி மாத்திரையை எடுத்துவந்து, அக்காவின் குடத்துத் தண்ணீரிலேயே விழுங்கினாள்.

"புடவை மாத்துங்கக்கா, டாக்டர்கிட்ட போவோம். இன்னைக்கு எனக்கு வேலை இல்ல."