ஆள் கூடாது

“மாது, அந்தக் கத்தரிக்காயைத் தொடாதே!”

கத்தியோடு வந்த மாதங்கி அப்படியே நின்றாள்.

“தொடாம எப்படின்னா நறுக்கறது?”

“ஜன்னல் வெளிச்சம் அது மேல எப்படி விழறது பாரு. ஊதாப் பட்டு மாதிரி! ரெண்டே நிமிஷம்.”

“எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு. இன்னிக்கு ஊதாப் பட்டுல கூட்டு கிடையாது. தயிர் சாதம்தான்.”

பட்டாபி காதில் வாங்கவில்லை. வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு கேமராவும் வாங்கியவர். அன்றிலிருந்து கொல்கத்தா லேக் கார்டன்ஸில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் எந்தப் பொருளுக்கும் நிம்மதி இல்லை. பூண்டு, பூட்டு, இட்லித் தட்டு, செம்பருத்தி எல்லாம் முறை வைத்து போஸ் கொடுத்தன.

இப்போது வேகம் இன்னும் கூடியிருந்தது. தெருவின் துர்கா பூஜை கிளப் புகைப்படப் போட்டி வைத்திருந்தது. தலைப்பு, ‘என் வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது’. தெருக்காரர்கள் யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். விதி ஒன்றுதான். பொருளும் பூவும் மட்டும், ஆள் கூடாது.

“முதல் பரிசு எனக்குத்தான். சாந்த்ராகாச்சியில உங்கக்கா வரைக்கும் சொல்லியாச்சு.”

“அவகிட்டயா சொன்னேள்? தோத்தா ஆயுசுக்கும் சிரிப்பாளே!”

“அதனாலதான் தோக்கவே கூடாது. இந்தக் கத்தரிக்காய் போறாது. ஒரு கம்பீரம் வேணும்... ஆ! மிதாலி பௌதி வீட்டு ஜாடி!”

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டார். பாதிக் காபியை அப்படியே வைத்தார். கீழ் வீட்டு வங்காள அண்ணியிடம் ஓடினார்.

“குடிச்ச டபரா ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம்!” மாதங்கி படியில் எட்டிப் பார்த்துக் கத்தினாள். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே கதை. எல்லாம் போட்டது போட்டபடி!”

அந்தக் கண்ணாடியும் லட்சணம்தான். ஒரு பக்கக் கால் உடைந்து, காளிகாட் கோயில் சிவப்புக் கயிற்றால் கட்டியிருந்தது. மாற்றச் சொன்னால், “முதல்ல ஒரு லென்ஸ் வாங்கிக்கறேன்” என்பார்.

பூஜைக்குப் பொறுக்கி வந்த பவளமல்லிக் கூடையை மாதங்கி மேஜைமேல் சாய்வாக வைத்தாள். இரண்டு பூக்கள் உருண்டன. டபராவை எடுக்கக் கை நீட்டியவள், என்ன நினைத்தாளோ, எடுக்காமல் கைப்பையிலிருந்த போனைத் தேடப் போனாள்.

பட்டாபி குழந்தையைத் தூக்குவது போல் ஒரு வெண்கல ஜாடியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

“லேக் மார்க்கெட்ல தாமரை வாங்கிண்டு வந்து இதுல வெச்சா முடிஞ்சது கதை!”

“தலைப்புல ‘என் வீட்டில்’னு இருக்கே, ன்னா?”

“ஒரு மணி நேரம் நம்ம வீட்லதானே இருக்கப் போறது! சரி, என் கண்ணாடி எங்கே?”

“நீங்க போட்ட எடத்துலதான்.”

லக்ஷ்மி பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கிளப் பந்தலிலேயே கண்காட்சி. படங்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். பட்டாபியின் தாமரை, நாலாம் எண்ணில் ராஜாவாக வீற்றிருந்தது. புது ஜிப்பாவில் முதல் வரிசையில் அவர். பக்கத்தில் மாதங்கியின் அக்கா, சாந்த்ராகாச்சியிலிருந்து டாக்ஸி பிடித்து வந்திருந்தாள்.

நடுவர் சுபீர்தா மைக்கைத் தட்டினார்.

“முதல் பரிசு... எண் ஏழு!”

பாதி எழுந்துவிட்ட பட்டாபியால் உட்காரவும் முடியவில்லை. நேரே ஏழாம் எண்ணிடம் போனார். கோபம் வந்தால் கண்ணாடி தானாக நெற்றிக்கு ஏறிவிடும். ஏறியது. பெங்காலியில் பொரிந்தார்.

“என்ன சுபீர்தா இது? ஏதோ பாத்திரம், ஏதோ பூ. நடுவில் கண்ணாடி மாதிரி ஒன்று, அதில் சிவப்பாகக் கயிறு! ஓர் அலங்காரம் உண்டா, ஒழுங்கு உண்டா? எந்தச் சோம்பேறி வீட்டு மேஜையோ!”

பந்தலில் எல்லாரும் அவர் நெற்றியையே பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ ‘க்ளுக்’ என்றார்கள்.

“பட்டாபிதா,” என்றாள் மிதாலி பௌதி, “கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாருங்கள்.”

இறக்கினார். பார்த்தார். மெல்லக் காதோரம் தடவினார். அதே சிவப்புக் கயிறு, அதே முடிச்சு. ஏடு படிந்த பாதிக் காபியில் ஒரு பவளமல்லி. கண்ணாடிமேல் ஒன்று.

“இது... எங்க வீடு!”

“ஆமாம். நாலாம் எண்ணில் இருக்கும் ஜாடிதான் எங்கள் வீடு,” என்றாள் மிதாலி பௌதி.

பந்தல் குலுங்கியது. மாதங்கியின் அக்கா சிரித்த சிரிப்பில் புடவைத் தலைப்பு நழுவியது.

முகமெல்லாம் சிவக்க மேடைக்குப் போனாள் மாதங்கி.

“நீங்களா?” பட்டாபி வாயைப் பிளந்தார். முதல் முறையாக மனைவியைப் பன்மையில் அழைத்தது அவருக்கே தெரியவில்லை.

சுபீர்தா மைக்கை நீட்டினார். “சொல்லுங்கள் பௌதி. கண்ணாடி, காபி, பூ. இதில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?”

“மூன்றும் இல்லை,” என்றாள் மாதங்கி. “தினமும் இதையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுகிறாரே, அவர். என்ன செய்வது, ஆள் கூடாது என்று நீங்கள் விதி போட்டுவிட்டீர்களே!”