ஒன்பது மணித் தட்டல்

வீட்டைப் பாகம் பிரித்த இந்த இரண்டு மாதமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு கிடையாது. நடுவில் ஒற்றைச் சுவர். தினமும் காலை ஒன்பதுக்கு அண்ணன் அந்தப் பக்கமிருந்து அதை இரண்டு முறை ஓங்கித் தட்டுவார்.

“வாய்தான் பேசாது, கை சும்மா இருக்காது” என்று தம்பி மனைவி முணுமுணுப்பாள்.

இன்று ஒன்பது இருபதாகியும் சத்தமில்லை. மாத்திரையும் டம்ளருமாக நின்ற தம்பி சுவரில் காதை வைத்துப் பார்த்தான்.

“தனியா இருக்கற மனுஷன்... போய்ப் பாருங்களேன்” என்றாள் அவளே.

டம்ளரை வைத்துவிட்டு ஓடினான். அண்ணன் வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினான்.

கதவைத் திறந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் நின்றார்.

“ஏண்ணே இன்னிக்குத் தட்டல?”

“மடையா! மூணு மாசத்துக்கு ஒரு தடவை உனக்கு ரத்தப் பரிசோதனை. இன்னிக்குத்தான் அது. ரத்தம் குடுத்த பிறகுதானே மாத்திரை? முழுங்கித் தொலைச்சிட்டியா?”

“இல்லண்ணே.” தம்பி ஓரடி நெருங்கினான். “என் மேல இன்னும் இவ்வளவு அக்கறையா?”

அண்ணன் கதவைப் பாதி சாத்தியபடி உறுமினார்.

“உன் மேல எவனுக்குடா அக்கறை? உள்ள இருக்கறது என் கிட்னி!”