டார்லீன் வீட்டுப் புல்வெளி

“கர்ட்! உங்க மேப்பிள் மரத்து இலை மறுபடியும் என் புல்வெளி முழுக்கக் கிடக்கு! புது விதை தூவிப் பத்து நாள்தான் ஆகுது. இப்படி மூடிக் கிடந்தா, பனி விழறதுக்குள்ள முளைச்சதெல்லாம் அழுகிடும்!”

பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் டார்லீன், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இதோ வந்துட்டேங்க!” என்று கர்ட் வாருகோலோடு ஓடினார்.

இரண்டு மணி நேரம் கழித்து, சுடச்சுட ஆப்பிள் கேக்கோடு திரும்பிய அப்பாவிடம் ஹெய்டி பொரிந்தாள்.

“நாலு சனிக்கிழமையா இதே கூத்து! நம்ம மரம் மொட்டையாகி ஒரு வாரம் ஆச்சுப்பா. இன்னிக்கு நாலு மூட்டை இலை எங்கேர்ந்து வந்துச்சாம்?”

“அதுல ஓக் இலையும் இருக்கும்மா. சர்ச் வாசல்ல நிக்குதே, அந்த மரம். புதன்கிழமை பாட்டுப் பயிற்சி முடிஞ்சதும் டார்லீன் வாரிக் கட்டி, கார்ல போட்டுக் கொண்டு வர்றாங்க.”

“அவங்களே கொட்டிட்டு உங்களை வாரச் சொல்றாங்களா? நறுக்குனு கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா நின்னுடுமே! உங்கம்மா போனப்புறம் என்னை இவ்வளவு ஆசையா யாரு திட்டறாங்க?”

ஹெய்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்காக இந்த வயசுல, ஒத்தை ஆளா நாலு மூட்டையா சுமக்கறாங்க?”

“சேச்சே, அவங்களோடது ஒண்ணுதான்” என்றார் கர்ட், கேக்கை வெட்டியபடி. “மீதி மூணும் விடியக்காலையில நான் கொண்டுபோய்க் கொட்டினது.”